காருக்குள்ள பெட்ரோல் வாடை அடிக்குதா? எப்ப அடிக்குதுன்னு மொதல்ல பாருங்க

பெட்ரோல் வாடை அடிக்குதுன்னு கார மெக்கானிக் ஷெட்டுக்கு கொண்டு போனா மொத கேள்வியே "எங்க இருந்து அடிக்குது"ன்னுதான் இருக்கும், அது நமக்கு எப்பிடிங்க தெரியும், வாடை வண்டி பூரா பரவி ஏசி வழியா மூஞ்சில அடிக்கிறப்ப முன்னாடியா பின்னாடியான்னு மூக்குக்கு வெளங்காது. அதனால எங்கங்கற கேள்விய தள்ளி வச்சுட்டு எப்ப அடிக்குதுன்னு பாருங்க. காலையில மொத ஸ்டார்ட்லயா, டேங்க் ஃபுல் பண்ண அன்னிக்கு மட்டுமா, ஓடி வந்து நிப்பாட்டுன பெறகா, வண்டி நின்னுக்கிட்டே ஐடில்ல ஓடுறப்பவா, இல்ல நாள் கணக்கா பூட்டிக் கெடந்த கொட்டகைய தொறந்த உடனேயா. இது தெரிஞ்சா இடம் தானா தெரிஞ்சுரும். தெரியாம போனீங்கன்னா டேங்க் மூடியில ஆரம்பிச்சு பம்ப் வரைக்கும் ஒவ்வொண்ணா மாத்தி காசு செலவாகுமே தவிர வாடை போகாது.

நம்ம செட்டிநாட்டுப் பக்கம் இது கொஞ்சம் தனி வகைங்க. காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர், கானாடுகாத்தான்னு எந்த ஊர எடுத்தாலும் வீடு பாதி பூட்டித்தான் கெடக்கும், ஆளுங்க சென்னையிலயோ கோயமுத்தூர்லயோ வெளிநாட்டுலயோ இருப்பாங்க, கொட்டகையில ஒரு கார் நிக்கும், முன்னோருக்கு கும்புடுற படைப்புக்கோ, அறுபது எம்பதுன்னு பண்ற சாந்திக்கோ, கல்யாணத்துக்கோ வந்தாத்தான் அத எடுக்குறது. இப்பிடி மாசக்கணக்குல நின்ன வண்டிக்கு ரெண்டு எதிரி. ஒண்ணு எலி, பெட்ரோல் ஓஸ கடிச்சு வைக்கும். இன்னொண்ணு ரப்பர் காஞ்சு போறது. 2025ல நாடு முழுக்க பெட்ரோல்ல 20 சதவீத எத்தனால் கலப்புக்கு வந்துட்டோம், அந்த பெட்ரோல தாங்குற மாதிரி ஓஸ், பேக்கிங் எல்லாம் போட்டு வண்டி பரவலா வர ஆரம்பிச்சது 2023 ஏப்ரல்ல இருந்துதான். அதுக்கு முந்தின வண்டி, அதுலயும் பத்து பதினஞ்சு வருசம் ஆன வண்டின்னா உள்ள இருக்குற சாதா ரப்பர் எத்தனால் பட்டு ஊதும், பெட்ரோல் வத்தி காஞ்சா சுருங்கும், அப்பிடி ஊதி சுருங்கி ஊதி சுருங்கி வெடிப்பு விட்டுரும். தெனம் ஓடுற வண்டிய விட நிக்கிற வண்டியில இது சீக்கிரம் தெரியும்.

தேடுறதுக்கு முன்னாடி இத மட்டும் பொறுமையா படிச்சுருங்க. பெட்ரோல் மைனஸ் 40 டிகிரி குளுர்லயே தீப்பிடிக்கிற அளவுக்கு ஆவி விடுற சாமான், நம்ம ஊர் சித்திரை வெயில்ல கேக்கவே வேணாம். அந்த ஆவி காத்த விட மூணு நாலு மடங்கு கனம், மேல போகாது, தரையோட தரையா ஓடி பள்ளத்துல தங்கும். மூடுன கொட்டகையில வாடை தூக்கலா இருந்தா செல்ஃப் அடிக்காதீங்க, ரிமோட்டால லாக் தொறக்குறது, கண்ணாடி எறக்குறது, லைட் சுவிட்ச போடுறது எதுவும் வேணாம், கொட்டகைக் கதவெல்லாம் தெறந்து விட்டு வண்டிய நியூட்ரல்ல போட்டு ரெண்டு ஆளு சேந்து வெட்டவெளிக்கு தள்ளிட்டு வாங்க. பேட்டரி நெகட்டிவ் ஒயர கழட்டுறதும் காத்தோட்டமான எடத்துக்கு வந்து வாடை கொறைஞ்ச பெறகுதான், ஏன்னா கழட்டுறப்ப ஒரு பொறி வரும். டார்ச்ச தள்ளி நின்னே போட்டுக்கிட்டு கிட்ட வாங்க. அப்பறம் ஒண்ணு, ஊருக்கு வந்த உடனே வண்டிக்கு பூசை போடுறோம்னு ஊதுபத்திய டேஷ்போர்டுல சொருகுறது, சூடத்த பானெட்டுக்கு மேல ஏத்துறது, இதெல்லாம் பெட்ரோல் வாடை அடிக்கிற வண்டிக்கு கூடவே கூடாது, எலுமிச்சம்பழத்தோட நிப்பாட்டிக்கங்க. பக்கத்துல பவுடர் டைப் தீயணைப்பு சிலிண்டர் ஒண்ணு இருக்கட்டும், தண்ணிய ஊத்துனா பெட்ரோல் அதுக்கு மேல மெதந்து தீய பரப்பும். உள்ள ஒக்காந்து தலை வலிச்சாலோ கொமட்டுனாலோ எறங்கிருங்க, சின்னப் புள்ளைகளையும் மாசமா இருக்குறவங்களையும் அந்த வண்டியில ஏத்தாதீங்க. தரையில சொட்டு சொட்டா விழுறது கண்ணுக்கே தெரிஞ்சா வண்டிய ஸ்டார்ட்டே பண்ண வேணாம், மெக்கானிக்க வீட்டுக்கு வரச்சொல்லுங்க, இல்லன்னா டோ பண்ணி கொண்டு போங்க.

சரி இப்ப எப்பங்கறதுக்கு வருவோம்.

டேங்க் ஃபுல் பண்ண அன்னிக்கும் மறுநாளும் மட்டும் அடிச்சா பெரும்பாலும் பெரிய கோளாறு இருக்காது. பங்க்ல நம்ம ஆளுங்க பண்றது தெரியும்ல, கன் தானா கட் ஆன பெறகும் "அண்ணே ரவுண்டா ரெண்டாயிரம் ஆக்கிருங்க"ன்னு சொல்லுவோம், அவரும் கன்ன லேசா தூக்கிப் புடிச்சு கழுத்து வரைக்கும் ஊத்துவாரு. பெட்ரோல் சூட்டுல பெருகுங்க, 40 லிட்டர் பெட்ரோல் 10 டிகிரி சூடு ஏறுனா கிட்டத்தட்ட 400 மில்லி கூடும். நெலத்தடி டேங்க்ல குளுந்து இருந்தத கழுத்து வரைக்கும் ஊத்தி மதியம் வெயில்ல நிப்பாட்டுனா அந்த 400 மில்லி எங்க போகும்? ஆவி போற வழியில ஏறி கேனிஸ்டர்ங்கற கரி டப்பாவுக்குள்ள போயிரும். அந்த டப்பாவோட வேலை டேங்க் ஆவிய கரியில புடிச்சு வச்சு எஞ்சின் ஓடுறப்ப எரிக்க அனுப்புறது, அதுக்கு ஆவிதான் ஒத்துக்கும், தண்ணியா பெட்ரோல் போச்சுன்னா கரி நனைஞ்சு வாடைய வெளிய விட ஆரம்பிச்சுரும். கொஞ்சமா நனைஞ்சிருந்தா ஓட்ட ஓட்ட காஞ்சுரும். பல தடவ இப்பிடி ஊத்தி கெட்டுப்போனா டப்பாவத்தான் மாத்தணும். கட் ஆனா கட் ஆனதுதான், மேல ஒரு சொட்டு வேணாம்.

அதே நேரத்துல டேங்க் மூடியையும் பாத்துருங்க. மூடிக்கு உள்ள கருப்பு வளையம் இருக்கும், அத வெரலால தடவுனா வழுவழுன்னு மெத்துன்னு இருக்கணும், வெடிப்போ தட்டையாவோ இருந்தா மூடிய மாத்துங்க, சில நூறு ரூபா சாமான். மூடுறப்ப கிளிக் சத்தம் வர்ற வரைக்கும் திருகணும். வண்டி மாடலுக்குன்னு வர்ற மூடிதான் போடணும், பாக்க ஒரே மாதிரி இருக்குன்னு வேற மூடிய போட்டா உள்ள வால்வ் ஒத்துக்காது.

பெட்ரோல் போடுறப்ப மட்டும் பின் சக்கரம் பக்கம் சொட்டுதுன்னா வாயில இருந்து டேங்குக்கு போற பைப்புலதான் கோளாறு, துருப் புடிச்சு ஓட்டையா இருக்கலாம், ரப்பர் ஜாயிண்ட் வெடிச்சிருக்கலாம். கடலோரப் பக்கம் தொண்டி, தேவிபட்டினம்னு அடிக்கடி போய் வர்ற வண்டியில துரு சீக்கிரம் வரும். சக்கரத்துக்கு மேல இருக்குற பிளாஸ்டிக் மறைப்ப கழட்டுனா தெரியும்.

டேங்க் முக்காலுக்கு மேல இருக்குறப்ப பின் சீட்டுல ஒக்காந்தவங்க மட்டும் வாடைங்கறாங்க, வளைவுல திரும்புறப்ப கூடுது, டேங்க் பாதிக்கு எறங்குனா வாடையே இல்ல. இது பெரும்பாலும் டேங்க் மேல இருக்குற பம்போட பேக்கிங்காத்தான் இருக்கும். நெறைய வண்டியில பின் சீட் குசன தூக்குனா ஒரு தகரத் தட்டு இருக்கும், அதுக்கு கீழதான் பம்ப். தட்ட தொறந்து பாருங்க, சுத்தி ஈரமா இருக்கா, புழுதி நனைஞ்சு கருப்பா ஒட்டியிருக்கா, பம்ப் தலையில பிளாஸ்டிக்ல வெடிப்பு கோடு இருக்கா. பேக்கிங்னா ஒரு வளையந்தான், ஆனா ஒரு தடவ கழட்டுனா பழைய வளையத்த திரும்ப போடக்கூடாது, அது பெட்ரோல்ல ஊதி அளவு மாறியிருக்கும், காடியில ஒக்காராது. தட்ட மூடுறப்ப தட்டோட ரப்பரும் சரியா ஒக்காரணும், வண்டிக்குள்ள ஆவி வர்றத தடுக்குறது அதுதான். இந்த வேலைய டேங்க் கால்வாசிக்கு கீழ இருக்குறப்ப பண்ணுங்க. சில வண்டியில மேல வழியே கெடையாது, டேங்கையே எறக்கணும், அது ஷெட் வேலை.

காலையில மொத ஸ்டார்ட்ல நல்லா அடிச்சு பத்து நிமிசத்துல காணாம போகுதுன்னா பானெட்ட தொறங்க. ராத்திரி குளுர்ல ரப்பர் சுருங்கி கசியும், எஞ்சின் சூடானா விரிஞ்சு அடைச்சுக்கும், அதான் காரணம். மார்கழி தையில ஊருக்கு வர்றவங்க இதத்தான் சொல்லுவாங்க. எஞ்சினுக்குள்ள பெட்ரோல பீச்சுற இன்ஜெக்டருக்கு பெட்ரோல் கொண்டு போற ஓஸ், அதோட ரெண்டு முனை, இன்ஜெக்டர் ஒவ்வொண்ணுக்கும் கீழயும் மேலயும் இருக்குற சின்ன வளையம், எல்லாத்தையும் டார்ச் வச்சு பாருங்க. இங்க நம்ம ஊர் செம்மண்ணே ஒரு உதவி பண்ணும், எஞ்சின் மேல சன்னமா செவப்புப் புழுதி படிஞ்சிருக்கும்ல, பெட்ரோல் கசிஞ்ச எடத்துல மட்டும் அந்தப் புழுதி கழுவி விட்ட மாதிரி ஒரு சுத்தமான கோடு தெரியும். அதனால மெக்கானிக்கிட்ட போறதுக்கு முன்னாடி எஞ்சின வாட்டர் வாஷ் பண்ணிறாதீங்க, தடயமெல்லாம் போயிரும். பெட்ரோல் சீக்கிரம் ஆவியாயிரும்ங்கறதால தரையில ஈரம் இல்லன்னு நம்பாதீங்க, ராத்திரி எஞ்சினுக்கு கீழ ஒண்ணு டேங்குக்கு கீழ ஒண்ணுன்னு வெள்ளை அட்டைய விரிச்சு விடுங்க, காலையில காஞ்சிருந்தாலும் வட்டமா கறை நிக்கும், அந்த வட்டத்துக்கு நேரா மேல பாருங்க. ஓஸுல பல்லு தடம், சுத்தி எலிப் புழுக்கை, பஞ்சு, நெல் உமி இருந்தா யாரு வேலைன்னு சொல்ல வேண்டியதில்ல.

ஓடி வந்து நிப்பாட்டுன பெறகு கால் மணி நேரம் அடிக்குது, வண்டி பழைய அம்பாசிடர், பத்மினி, இல்லன்னா கார்புரேட்டர் போட்ட பழைய மாருதி 800. நம்ம பக்கம் இந்த மாதிரி வண்டிய இன்னும் ஆசையா வச்சிருக்கவங்க நெறைய பேரு. இதுல லேசா அடிக்கிறது இயல்பு, எஞ்சின் சூடு ஏறி கார்புரேட்டர் கிண்ணத்துல இருக்குற பெட்ரோல் கொதிச்சு ஆவியாகும், பானெட்ட தொறந்து வச்சா போயிரும். ஆனா வெளிய வழியுது, கார்புரேட்டர் அடி ஈரமா இருக்கு, சூட்டுல திரும்ப ஸ்டார்ட் ஆக அடம் புடிக்குதுன்னா கிண்ணத்துக்குள்ள மெதந்து பெட்ரோல் அளவ பாத்துக்குற மெதவை ஓட்டையாகி மூழ்கியிருக்கும், இல்ல கிண்ணத்துக்கு பெட்ரோல் வர்ற வாய அடைக்கிற நீடில் வால்வ்ல தூசி மாட்டியிருக்கும். கிண்ணத்த கழட்டி மெதவைய காதுகிட்ட ஆட்டிப் பாருங்க, உள்ள களக் களக்னு கேட்டா அது ஓட்டை. இந்த வண்டியில இன்னொண்ணு முக்கியம், எஞ்சின் பக்கவாட்டுல இருக்குற மெக்கானிக்கல் பம்புக்குள்ள இருக்குற டயஃப்ரம்ங்கற சவ்வு கிழிஞ்சா பெட்ரோல் நேரா எஞ்சின் ஆயில்ல போய் கலக்கும். டிப் ஸ்டிக்க உருவி மோந்து பாருங்க, பெட்ரோல் வாடை அடிச்சு ஆயில் அளவும் ஏறியிருந்தா வண்டிய எடுக்கவே கூடாது, ஆயில் தண்ணியாகி பேரிங் போயிரும், தீயும் புடிக்கலாம். பம்பையும் சரி பண்ணி, ஆயிலையும் ஆயில் ஃபில்டரையும் மாத்தித்தான் ஸ்டார்ட் பண்ணணும்.

வண்டி நிக்கிறப்ப ஐடில்ல ஓடுது, அப்ப வாடை அடிக்குது, ஓட்டம் எடுத்தா போயிருதுன்னா ரெண்டு மூணு விசயம் இருக்கலாம். வைப்பருக்கு கீழ இருக்குற சல்லடை வழியாத்தான் ஏசிக்கு வெளிக்காத்து போகுது, பானெட்டுக்குள்ள கசிவு இருந்தா வண்டி நிக்கிறப்ப அது நேரா உள்ள வரும். ஏசிய உள்காத்து சுத்துற பட்டனுக்கு மாத்திப் பாருங்க, வாடை கொறைஞ்சா கசிவு முன்னாடிதான். இல்ல சைலன்சர்ல இருந்தே எரியாத பெட்ரோல் வருதான்னு பின்னாடி தள்ளி நின்னு பாருங்க, கண்ணு எரியும், பொகை கருப்பா வரும், எஞ்சின் ஒரு மாதிரி தட்டும், மைலேஜும் கொறைஞ்சிருக்கும். பிளக்க கழட்டுனா கரி அப்பியிருக்கும். பிளக், காயில், ஆக்சிஜன் சென்சார், ஒழுகுற இன்ஜெக்டர், பெரும்பாலும் இந்த நாலுக்குள்ள ஒண்ணு. எஞ்சின் கம்ப்யூட்டர்ல பதிஞ்ச கோளாறு நம்பர படிக்கிற ஸ்கேனர போட்டுப் பாத்து, பி0300 வந்தா எரியாம தட்டுதுன்னு அர்த்தம், பி0172 வந்தா பெட்ரோல் ஜாஸ்தி போகுதுன்னு அர்த்தம். இப்பிடியே ரொம்ப நாள் ஓட்டுனா சைலன்சர் லைன்ல பொகைய சுத்தம் பண்ற கேட்டலிடிக் கன்வெர்ட்டர் பழுத்து உருகிரும், அது வெலை ஜாஸ்திங்க.

இன்னொரு சங்கதி பர்ஜ் வால்வ். பெட்ரோல் போட்டுட்டு பங்க்ல இருந்து கெளப்புறப்ப மட்டும் வண்டி ஸ்டார்ட் ஆக மாட்டேங்குது, ஸ்டார்ட் ஆனாலும் அதிர்ந்து நின்னுருது, வாடையும் வருதுன்னா இத சந்தேகப்படுங்க. கேனிஸ்டர்ல இருந்து எஞ்சினுக்கு போற வழியில இருக்குற சின்ன வால்வ், கரண்ட் போகாதப்ப மூடியிருக்கணும். எஞ்சின் ஆஃப்ல அத கழட்டி சுத்தமான டியூப் ஒண்ண சொருகி ஊதிப் பாருங்க, காத்து போனா வால்வ் போச்சு. ஊதத்தான் சொன்னேன், உறிஞ்சாதீங்க. ஸ்கேனர்ல பி0441, பி0443 மாதிரி வந்தாலும் இந்தப் பக்கந்தான் பாக்கணும். கண்ணுக்குத் தெரியாத ஆவிக் கசிவுன்னா பொகை மிஷின் வச்சிருக்க ஷெட்டா பாத்துப் போங்க, லைன்ல பொகைய விட்டா ஓட்டை இருக்குற எடத்துல நூல் மாதிரி வெளிய வரும்.

டீசல் வண்டிக்கு சுருக்கமா. டீசல் அவ்வளவு லேசுல தீப்பிடிக்காது ஆனா வாடை ஒட்டுனா போகாது. இன்ஜெக்டர் தலைக்கு மேல போற சன்னமான ரிட்டர்ன் ஓஸ், ஃபில்டர் மூடி, கை பம்ப், இங்கதான் கசியும், கசிஞ்ச எடத்துல புழுதி களி மாதிரி அப்பும். எஞ்சின் ஓடுறப்ப இன்ஜெக்டருக்கு போற இரும்பு பைப்புல கசியுதான்னு கைய வச்சு மட்டும் பாக்காதீங்க, எல்லா இன்ஜெக்டருக்கும் டீசல அழுத்தத்துல வச்சுக் குடுக்குற காமன் ரெயில்ங்கற குழாய்ல பிரஷர் ஆயிரம் பாருக்கு மேல கூட போகும், ஊசி மாதிரி தோலுக்குள்ள எறங்கிரும், காயம் சின்னதா தெரிஞ்சாலும் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடணும். சிஎன்ஜி, எல்பிஜி வண்டியில அழுகுன முட்டை மாதிரி வாடை வந்தா சிலிண்டர் வால்வ மூடிட்டு எறங்கிருங்க, அது வீட்டு வேலையில்ல.

இப்ப ஓஸ மாத்துறது. பெட்ரோல் இன்ஜெக்சன் வண்டியில லைன்ல சுமார் 3 பார் பிரஷர் எஞ்சின ஆஃப் பண்ண பெறகும் நிக்கும், அப்பிடியே கழட்டுனா மூஞ்சில பீச்சும். பியூஸ் பாக்ஸ்ல பம்ப் பியூஸ உருவிட்டு எஞ்சின ஸ்டார்ட் பண்ணி அது தானா நிக்கிற வரைக்கும் விடுங்க, வாடை கம்மியா இருந்தா மட்டும், அதுவும் வெட்டவெளியில. எஞ்சின் நல்லா ஆறட்டும், பெறகு பேட்டரி நெகட்டிவ கழட்டிட்டு ஜாயிண்ட்ட துணியால சுத்திப் புடிச்சுக்கிட்டு மெதுவா எடுங்க. டர்போ போட்ட டைரக்ட் இன்ஜெக்சன் வண்டின்னா பம்புல இருந்து ரெயிலுக்கு போற லைன்ல கையே வைக்காதீங்க. கடையில ஓஸ் கேக்குறப்ப சும்மா பெட்ரோல் ஓஸ்னு கேக்காதீங்க, இன்ஜெக்சன் வண்டிக்கு ஓஸ் மேல எஸ்ஏஇ ஜே30 ஆர்9னு (SAE J30 R9) தரத்த அச்சு போட்டது வேணும், ஆர்7 கார்புரேட்டர் வண்டிக்கு போதும். எத்தனால் தாங்குமான்னும் கேட்டுக்கங்க. பிளாஸ்டிக் டியூப், தண்ணி ஓஸ், வெடிப்புக்கு மேல டேப் சுத்துறது, எம்சீல் அப்புறது எல்லாம் வேணாம், எத்தனால் எம்சீல எளக்கிரும். பல்லு வச்ச சாதா கிளாம்ப் ரப்பர அறுக்கும், உள்பக்கம் வழவழன்னு இருக்குற இன்ஜெக்சன் கிளாம்ப் தனியா கெடைக்கும், அதப் போடுங்க. கம்பெனி பிளாஸ்டிக் லைன், கிளிக் ஜாயிண்ட் இருந்தா ஒட்டுப் போடாம முழு லைனா மாத்துறதுதான் சரி. போட்டு முடிச்சு பியூஸ சொருகி சாவிய ஆன்ல மட்டும் ரெண்டு மூணு தடவ வச்சு எடுங்க, லைன் ரொம்பும், அப்ப டிஷ்யூ பேப்பர ஜாயிண்ட்ல ஒத்திப் பாருங்க. நனையலன்னா மட்டும் ஸ்டார்ட்.

டேங்க்ல இருக்குற பழைய பெட்ரோல எடுக்கணும்னா கை பம்ப் வாங்கிக்கங்க, டியூப வாயில வச்சு உறியாதீங்க. நுரையீரலுக்குள்ள போச்சுன்னா நிமோனியா வரைக்கும் போகும், யாராவது முழுங்கிட்டா வாந்தி எடுக்க வைக்கக் கூடாது, நேரா டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போகணும்.

எல்லாம் பாத்தாச்சு, கசிவே இல்ல, வாடை மட்டும் போகலன்னா டிக்கிய பாருங்க. தோட்டத்து மோட்டாருக்கோ ஜெனரேட்டருக்கோன்னு கேன்ல பெட்ரோல் கொண்டு வந்திருப்பாங்க, ஸ்டெப்னி குழியில கொஞ்சம் சிந்தியிருக்கும், யாரும் சொல்ல மாட்டாங்க. மேட்ட, கார்ப்பெட்ட எல்லாம் எடுத்து வெயில்ல போடுங்க, குழிய சோப்புத் தண்ணியால கழுவுங்க, ஊறுன துணி மேல சமையல் சோடாவ தூவி ராத்திரி பூரா விட்டு மறுநாள் உதறுங்க, ரெண்டு மூணு தடவ பண்ணணும். சென்ட் அடிச்சு மறைக்காதீங்க, அப்பறம் நெசமாவே கசிஞ்சா தெரியாது. கார்ப்பெட்டுக்கு கீழ இருக்குற நொரப் பஞ்சு ஊறியிருந்தா அந்த துண்ட வெட்டிப் போட்டு புதுசு வைக்கிறது மேல்.

வண்டிய பூட்டிட்டு ஊருக்கு கெளம்புறவங்க டேங்க கட் ஆகுற அளவுக்கு ரொப்பிட்டுப் போங்க, காலி எடம் ஜாஸ்தி இருந்தா எத்தனால் ஈரத்த இழுத்துக்கும். கொட்டகையில நெல்லு மூட்டை, அரிசி, தேங்கா எதையும் வண்டி பக்கத்துல வைக்காதீங்க, எலிக்கு விருந்து வச்சா அது பானெட்டுக்குள்ளதான் வந்து தங்கும். கொட்டகை கதவுக்கு கீழயும் மேலயும் காத்து போற வழி விட்டு வைங்க, எலி வராம வலை அடிச்சு. வீட்ட பாத்துக்கிற அண்ணன்கிட்ட சாவிய குடுத்து பதினஞ்சு நாளைக்கு ஒரு தடவ குன்றக்குடி வரைக்கும் ஓட்டிட்டு வரச் சொல்லுங்க, நின்ன எடத்துல அஞ்சு நிமிசம் ஸ்டார்ட் பண்ணி ஆஃப் பண்றது பத்தாது. எடுக்குறதுக்கு முன்னாடி கொட்டகைய தொறந்து விட்டு கொஞ்ச நேரம் கழிச்சு பானெட்ட தூக்கி ஒரு தடவ மோந்து பாத்துட்டு சாவி போடச் சொல்லுங்க.